ஏழாவது ஷரத்து

இந்தக் காலத்து ஆளுகளுக்கு ஒரு தாளைக் கடைசி வரி வரைக்கும் படிக்கப் பொறுமை இல்லை. சிம் கார்டுக்கு ஒரு தாள், குடிதண்ணீர்க் குழாய்க்கு ஒரு தாள், ஆஸ்பத்திரியில் படுக்க ஒரு தாள். நீட்டுகிறவன் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பான். இவர்கள் குறி இருக்கிற இடத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, நீட்டியவனுக்கே நன்றியும் சொல்லிவிட்டு வருவார்கள். கத்தரிக்காய் வாங்கும்போது மட்டும் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும். ஆனாலும் வாசிப்பேன். போன வாரம் வீட்டில் நடந்த சண்டையே அதனால் வந்ததுதான்.

என் மகன் முத்துப்பாண்டிக்கு அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் வேலை கூடி வந்தது. பதினோரு வருசம் வெடிக்குள் மருந்து செலுத்தியவன். பரீட்சை எழுதிச் சான்றிதழும் வாங்கிவிட்டான். கம்பெனி கொடுத்த ஒப்பந்தத் தாளை நான் வாங்கி வாசித்துக்கொண்டே வந்தேன். ஏழாவது ஷரத்தில் கண் நின்றுவிட்டது.

'ஆலையில் நேரும் எந்த விபத்துக்கும் போர்மேன் அவர்கள் உரிமையாளருக்குச் சமமான பொறுப்புடையவர் ஆவார்.'

தாளை அடுப்பில் போட்டேன். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை. நாலு நாளாகிறது.

இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கம்பெனியில் கொடுக்க வேண்டும். நாளை இன்ஸ்பெக்சன். அதற்குள் போர்மேன் இருக்க வேண்டும்; இவன் இல்லையென்றால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். ஒப்பந்தம் அடித்துக் கொடுப்பது சாத்தூரில் ஞானசுந்தரி வக்கீல் ஆபீஸ். அதே ஆபீசில்தான் என் மகள் இசைவாணி வேலை பார்க்கிறாள். அவன் பைக்கை எடுத்தபோது நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

"இவுக எதுக்கு?" என்று அவன் தாயிடம் கேட்டான். என்னிடம் கேட்கவில்லை.

முருகம்மாள் வாசல் தெளித்த கையோடு சொன்னாள். "கூட்டிட்டுப் போய்யா. இங்கன இருந்தா அடுப்புல போட இன்னும் எதையாவது தேடுவாக."

வழியெல்லாம் பேச்சு இல்லை. ரயில்வே கேட்டில் நின்றபோதுதான் முகத்தைத் திருப்பாமலே பேசினான்.

"யப்பா, உங்க கையைப் பாருங்க. என் கையைப் பாருங்க. ரெண்டும் மருந்து தின்ன கை. இந்த மருந்து அறையை விட்டு வெளிய வர எனக்கு வேற வழி இருந்தா சொல்லுங்க. இப்பவே வண்டியைத் திருப்பிருதேன்."

"வெடிச்சா மொதல்ல மேல போறது தொழிலாளி. அடுத்து உள்ள போறது போர்மேன். முப்பத்தொரு வருசம் பாத்தவன் சொல்லுதேன்லே."

"அப்ப மேல போறதுக்கு உள்ள போறது தேவல."

கேட் திறந்தது.

வக்கீல் ஆபீஸ் ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. வக்கீலம்மா விருதுநகர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். இசைவாணி மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சுவர் நெடுக இரும்பு பீரோக்கள்.

அவள் ஏழு மாதமாகச் செய்கிற வேலை எனக்குப் பிடிபட்டதே இல்லை. கேட்டால் 'தாள்களை வகை பிரிக்கேன்ப்பா' என்பாள். தாள் அடுக்குவதற்குச் சம்பளம் கொடுக்கிறவன் கெட்டிக்காரனாக இருக்க மாட்டான் என்றுதான் நினைத்திருந்தேன்.

அவள் ஒப்பந்தத்தைப் புதிதாக அடித்துக் கொடுத்தாள். முத்துப்பாண்டி பேனாவுக்குக் கை நீட்டினான். நான் தாளைப் பறித்து விரலை வைத்து எண்ணிக்கொண்டே போனேன். ஏழு அங்கேயே இருந்தது.

"ஏத்தா, இந்த ஏழாவதை எழுதுனவன் எவன்? அவனைக் கூப்பிடு."

"யாரும் எழுதலப்பா. மாதிரியிலேர்ந்து வருது."

"எழுதாமத் தாளு தானா முளைக்குமா?"

முத்துப்பாண்டி தலையில் கை வைத்தான். இசைவாணி சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வக்கீல் ஆபீசுல ஒவ்வொரு தாளையும் புதுசா எழுத மாட்டாகப்பா. போன ஆளுக்கு அடிச்சதை எடுத்து, பேரையும் ஊரையும் மாத்தி, அடுத்த ஆளுக்கு அடிப்பாக. முப்பது வருசமா இங்கன அப்படித்தான். ஒம்பதாயிரத்துச் சொச்சம் தாளு. எதைப் பாத்து எதை அடிச்சாங்கன்னே தெரியாது. நான் அதையெல்லாம் சேத்து வச்சுப் பாத்து, வகைக்கு ஒரு மாதிரி எடுத்து வச்சிருக்கேன். பேரு வர்ற இடத்துல கட்டம். மத்ததெல்லாம் அப்படியே."

"எத்தனை வகை?"

"முப்பத்தெட்டு."

"ஒம்பதாயிரம் தாளும் முப்பத்தெட்டுல அடங்குதா?"

"அடங்குதுப்பா."

அவள் எதையோ தட்டினாள். 'பாகப்பிரிவினை' என்று வந்தது. இன்னொரு தட்டு. 'தத்து.' இன்னொரு தட்டு. 'ஜீவனாம்சம்.' ஒவ்வொன்றும் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் காலிக் கட்டம். தகப்பனார் பெயருக்கு ஒரு கட்டம். வயதுக்கு ஒரு கட்டம்.

எங்கள் தெருவில் அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது மண்ணை வாரித் தூற்றினார்கள். கருவாட்டுக் கடைக்காரன் மகள் தாலியைக் கழற்றிக் கொடுத்த அன்று ஊரே அழுதது. உலகத்தில் எவனுக்கும் வராத சங்கடம் தனக்கு வந்துவிட்டதாகத்தான் ஒவ்வொருவனும் அழுதான். இங்கே வந்தால் அவனுக்கு முன்பே தாள் தயாராக இருக்கிறது. அவன் பெயர் ஒன்றுதான் பாக்கி.

"இதுல ஒவ்வொண்ணுக்கும் டேக் போட்டிருக்கேன்" என்றாள். "பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுற மாதிரி. பெட்டிக்கு ஒரு லேபிள்தான் ஒட்டலாம். இதுக்குப் பத்து ஒட்டலாம். எந்தச் சட்டம், எந்த வருசம், எதைப் பாத்து அடிச்சது, எல்லாம்."

"ஒரு பெட்டியில பத்து லேபிள் ஒட்டியிருந்தா உள்ள என்ன வெடி இருக்குன்னு எவன் நம்புவான்?"

"யப்பா!" என்றான் முத்துப்பாண்டி. "மணி ஒண்ணு ஆச்சு."

"இருலே. ஏத்தா, அந்த ஏழாவது எத்தனை தாள்ல இருக்கு? அதைச் சொல்லு உன் டேக்கு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஒரு அட்டையை எடுத்துத் திரையின் இடது ஓரத்தில், பெயர் வருகிற பக்கத்தில், சாத்தி ஒட்டினாள். "பேரு பாக்கக் கூடாது. நீங்க எனக்கு அப்பாவா இருந்தாலும் பாக்கக் கூடாது. வருசம் மட்டும் பாருங்க."

தட்டினாள். வரி வரியாக இறங்கியது. பச்சை எழுத்து. எண்ணிச் சொன்னாள்: அறுபத்துமூன்று.

அறுபத்துமூன்று போர்மேன்கள். பத்தொன்பது வருசம். எட்டு, பத்து கம்பெனிகள். எல்லார் தலைக்கு மேலேயும் அதே வரி. ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. முத்துப்பாண்டி பைக் சாவியை மேசையில் வைத்துவிட்டு நெருங்கி வந்தான்.

"ஆகப் பழசு எது? அதைக் காட்டு" என்றேன்.

பெயர் வரியைத் திரைக்கு மேலே தள்ளிவிட்டுக் காட்டினாள். எனக்கு எழுத்தைவிட எண் சீக்கிரம் பிடிபடும். விரலை வைத்து இறங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஏழு.

"ஆறு எங்க?"

"எந்த ஆறுப்பா?"

"அஞ்சுக்குப் பெறகு ஏழு போட்டிருக்கே. ஆறு எங்க போச்சு?"

முத்துப்பாண்டி கையில் இருந்த தாளைப் பார்த்தான். "இதுல ஆறு இருக்கே. 'ஆலைக்குள் கைபேசி கொண்டுவரக் கூடாது.'"

இசைவாணி அடுத்ததைத் திறந்தாள். அதிலும் ஐந்துக்குப் பிறகு ஏழு. அதற்கடுத்ததிலும் அப்படியே. நாலாவதில்தான் கைபேசி வந்து ஆறாவது இடத்தில் உட்கார்ந்திருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "வார்த்தையைத்தான் சேத்துச் சேத்துப் பாத்தேன். எண்ணைப் பாக்கல."

ஆகப் பழைய தாளுக்கே திரும்பினாள். அதன் மூலையில் பழைய குமாஸ்தாவின் பென்சில் கிறுக்கலும் படத்தோடு ஏறியிருந்தது: 'கட்டு 14 பார்த்து.' அவள் எழுந்து பீரோவைத் திறந்தாள். பதினாலாம் கட்டை இறக்கி, தூசியைத் தன் துப்பட்டாவாலேயே துடைத்தாள். அது அந்த ஒம்பதாயிரத்தில் சேராத, கம்ப்யூட்டரில் இன்னும் ஏறாத பழைய கட்டு. பக்கங்களைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் நின்றாள். மேலே பெயரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு வாசித்தாள்.

"ஆறு. மேற்படி போர்மேன் அவர்கள் ஆலையில் நாலில் ஒரு பங்குக்கு உரிமையாளராகவும் இருப்பதால். ஏழு. ஆலையில் நேரும் எந்த விபத்துக்கும் போர்மேன் அவர்கள் உரிமையாளருக்குச் சமமான பொறுப்புடையவர் ஆவார்."

முத்துப்பாண்டி தன் கையில் இருந்த தாளில் ஆறாவதை மறுபடி பார்த்தான்.

அந்த முதல் ஆள் பங்காளி. லாபத்தில் கால் பங்கு எடுக்கிறவன். அவன் தலையில் பொறுப்பை வைத்தது நியாயம்தான். அடுத்த தாளை அடித்த குமாஸ்தா, 'இவனுக்குப் பங்கு கிடையாதே' என்று ஆறை எடுத்திருக்கிறான். ஏழாவதை அப்படியே விட்டுவிட்டான். அம்புட்டுதான். அதற்குப் பிறகு ஒருவனைப் பார்த்து ஒருவன். எவனும் சூது செய்யவில்லை. எவனும் வைக்காத கண்ணியில் அறுபத்துமூன்று பேர் காலை வைத்து நிற்கிறார்கள்.

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. மலையைப் பார்க்கிறவன் மாதிரி அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இசை."

வாசலில் ஞானசுந்தரி வக்கீல். கறுப்புக் கோட்டு கையில் தொங்கியது. அட்டை ஒட்டிய திரையையும், விரித்த கட்டையும், எங்களையும் பார்த்தார்.

"வெளியாளுக்குக் கட்டைத் திறந்து காட்டக் கூடாதுன்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? அப்பாவும் அண்ணனும்னா சட்டம் மாறிருமா?"

இசைவாணிக்கு முகம் வெளுத்தது. "தப்புதான் மேடம். பேரைக் காட்டல. நீங்க என்னை என்ன வேணா சொல்லுங்க. ஆனா இந்த ஆறை மட்டும் ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க."

வக்கீலம்மா நின்றபடியே பார்த்தார். பிறகு உட்கார்ந்து பார்த்தார். கட்டின் அடியில் இருந்த கையெழுத்தை விரலால் தொட்டார்.

"எங்கப்பா எழுதினது" என்றார். "தனுஷ்கோடி வக்கீல் எழுதின ஷரத்துல ஓட்டை இருக்காதுன்னு ஜில்லா கோர்ட்டுலயே சொல்லுவாக. ஓட்டை இல்ல. ஆறும் ஏழும் ஒரே வாக்கியம். பாதியை வெட்டிட்டு மீதியைக் கும்பிட்டுக்கிட்டு இருந்திருக்கோம்."

என் பக்கம் திரும்பினார். "பெரியவரே, ஒண்ணு தெளிவாச் சொல்லிருதேன். நான் கம்பெனிக்கு வக்கீல். உங்க மகனுக்கு வக்கீல் இல்ல."

"அது தெரிஞ்சுதாம்மா வந்தேன். இந்தத் தாளு கோர்ட்டுல நிக்குமா?"

"நிக்கிறது சந்தேகம்தான். ஆனா விபத்து நடந்தா அன்னைக்கே ஸ்டேஷன்ல எடுத்துக் காட்டுறது இந்தத் தாளைத்தான். கோர்ட்டு அதுக்கப்புறம்தான வரும்."

பூசி மெழுகாத பேச்சு. அதற்காகவே ஒரு மரியாதை வந்தது எனக்கு. கண்ணாடி அறைக்குள் போய்க் கம்பெனி முதலாளி முத்துக்கிருஷ்ணனுக்குப் போன் போட்டார். முதலாளி இரைச்சலில் பேசிப் பழகியவர் போல. கதவைச் சாத்தியும் குரல் வெளியே வந்தது.

"சொல்லுங்க மேடம், ஆளு கையெழுத்து போட்டானா?"

"ஏழாவது ஷரத்தைப் பத்திக் கேக்கணும்."

"அது என்ன ஏழாவது? நான் கடைசிப் பக்கத்தை மட்டும்தான மேடம் பாப்பேன்."

முதலாளியும் வாசிக்கவில்லை! முத்துப்பாண்டி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். நாலு நாளில் முதல் தடவையாக இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

உள்ளே வக்கீலம்மா ஷரத்தை வாசித்துக் காட்டி, அது எப்படி வந்தது என்று சொன்னார். பிறகு முதலாளி குரல் வந்தது.

"நல்லாத்தான இருக்கு மேடம். இருந்துட்டுப் போகட்டுமே."

எங்கள் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"பாத்தியாலே" என்றேன். "தெரியாத வரைக்கும் தப்பு. தெரிஞ்சா சவுகரியம்."

அவன் தாளை நாலாக மடித்தான். "யப்பா, அந்த அம்மா ஏழாவது வேண்டாம்னு சொன்னா இந்த வேலைக்கு இருக்கேன். இருக்கட்டும்னு சொல்லிட்டா நான் மருந்து அறைக்கே திரும்பிப் போயிருதேன். இதுல போட மாட்டேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று தோன்றவில்லை.

உள்ளே வக்கீலம்மா குரல் உயரவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "முத்துக்கிருஷ்ணன், இது என் ஆபீஸ் செஞ்ச தப்பு. தெரியாம பத்தொன்பது வருசம் கொடுத்தோம். தெரிஞ்ச பிறகு ஒரு நாள் கூடக் கொடுக்க முடியாது. உங்களுக்கு அது வேணும்னா வேற வக்கீல்கிட்ட எழுதிக்கிடுங்க. நாளைக்கு இன்ஸ்பெக்சன், ஞாபகம் இருக்கட்டும்."

"மேடம், சீசன் நேரத்துல இப்படிச் சொன்னா எப்படி? சரி, அனுப்புங்க. பாக்கலாம்."

வக்கீலம்மா வெளியே வந்தார். "இசை, ஏழாவதை எடு. மாதிரியிலேயே எடு. அந்த அறுபத்துமூணுக்கும் டேக்கை மாத்து. எந்தக் கம்பெனிக்கு எப்போ கொடுத்தோம்னு வரிசை போட்டு எனக்குக் கொடு. ஒவ்வொருத்தருக்கும் கடிதம் போகணும். அப்புறம், கட்டைத் திறந்ததுக்கு நாளைக்குத் தனியாப் பேசுவேன்."

"சரிங்க மேடம்."

இசைவாணி தட்டினாள். 'பயன்படுத்தக் கூடாது.' நாலு விரல் நகர்த்தலில், மேலிருந்து கீழ் வரை அறுபத்துமூன்று வரியும் பச்சையிலிருந்து சிவப்பானது. சடாரென்று. ஒரே வீச்சில்.

முப்பத்தொரு வருசம் வெடியோடு கிடந்தவன் நான். ஒரு திரி பற்றினால் எத்தனை அறைக்குத் தாவும் என்று கண்ணால் கண்டவன். சத்தமே இல்லாமல் ஒரு காரியம் இம்புட்டுத் தூரம் தாவி நான் பார்த்ததில்லை. என் மகள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவள் விரல்களைப் பார்த்தேன். மருந்து படாத விரல்கள். கோயிலில் நடை திறக்கும்போது செய்கிற மாதிரி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் புத்தி வேலை செய்தது.

"ஏத்தா, இப்ப அந்த அறுபத்துமூணு பேரு போட்ட கையெழுத்தும் அழிஞ்சு போச்சா?"

"இல்லப்பா. இது இங்கன மட்டும்தான் சிவப்பு. தாளு அவுகவுக கம்பெனியில அப்படியே இருக்கும்."

"அப்படியேவா?"

"கடிதம் போகும். அவுக மாத்திக்கிட்டாத்தான் மாறும்."

வக்கீலம்மா பதினாலாம் கட்டை மூடினார்.

புதுத் தாள் வந்தது. அந்த ஏழாவது போக எட்டு ஷரத்து. முத்துப்பாண்டி இந்தத் தடவை பேனாவைத் தேடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, எனக்குக் கேட்கும்படி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாய்விட்டு வாசித்தான். எங்கும் தடுக்கவில்லை. வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. கையெழுத்துப் போட்டான்.

"எதிர்ப் பக்கம் காலியா இருக்கே" என்றேன்.

"அது முதலாளி போடுறது. அச்சங்குளத்துல போய் வாங்கிக்கிடுதேன்."

"பாக்கலாம்னுதான சொன்னாரு. போடுதேன்னு சொல்லலையே."

"போடுவாருப்பா. நாளைக்கு இன்ஸ்பெக்சன்."

கீழே இறங்கினோம். மணி இரண்டே முக்கால். மெயின் ரோட்டில் வெயில் உறைத்தது. அவன் தாளைச் சட்டைக்குள் வைத்துப் பைக்கை உதைத்தான்.

"ஏறுங்க. கம்பெனிக்கு நீங்களும் வாங்க. அவரு போடுறதைக் கண்ணால பாத்துக்கிடுங்க."

"நான் வந்து நின்னா அவரு போடுறதையும் போட மாட்டாரு. நீ போ."

"இன்னுமா நம்பல?"

"மேல நடந்தது பெரிய காரியம்தாம்லே. என் ஆயுசுல அப்படி ஒண்ணைப் பாத்ததில்ல. உன் தங்கச்சி பெரிய ஆளுதான். ஆனா சிவப்பானது கம்ப்யூட்டரு. முதலாளி மனசு இல்ல."

அவன் பைக் அச்சங்குளம் ரோட்டில் திரும்பி மறைந்தது. நான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தேன். என் பிள்ளை தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டான். முதலாளி போட வேண்டிய பக்கத்து இடம் இன்னும் வெறுந்தாளாகத்தான் கிடக்கிறது.